காற்றழுத்தம்: வானிலைக்கும் டயருக்கும் ஒரே சொல்

சேலத்துப் பஞ்சர் கடைகளில் 'காற்றழுத்தம்' என்ற சொல் புழங்குவதில்லை. 'காத்து எவ்வளவு வைக்கட்டுங்க?' என்று கேட்பார்கள்; 'முப்பது வைங்க' என்போம். ஒரு சதுர அங்குலப் பரப்பின் மீது 30 பவுண்டு எடைக்கு நிகரான விசை என்பதே அந்த முப்பதின் பொருள். எழுதும்போதுதான் 'டயர் பிரஷர்' என்பதற்குக் 'காற்றழுத்தம்' என்று இடுகிறோம். பிழையில்லை, ஆனால் ஏற்காடு ஏறுகிறவர்களை அது குழப்பும்.

'டயர்' என்பது ஆங்கிலத்தில் உடுப்பைக் குறிக்கும் 'அட்டயர்' என்ற சொல்லின் தலைக்குறையாக இருக்கலாம் என்பர். சக்கரத்துக்கு உடுத்திய பட்டை என்று பொருள். முதலில் அது இரும்புப் பட்டையைத்தான் குறித்தது. காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காப்புரிமை பெற்றார். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் அதை மீண்டும் உருவாக்கிய பிறகே அது பரவியது. ரப்பர்ச் சக்கரம் பூட்டிய மாட்டு வண்டியை 'டயர் வண்டி' என்று உழவர்களே அழைத்துவிட்டதால், அச்சொல்லை மாற்ற முனைவது வீண் வேலை என்பேன்.

'பிரஷர்' இலத்தீனில் அழுத்துதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நம்மிடமும் அழுந்து, அழுத்து, அழுத்தம் என்று அதே பொருளில் ஒரு சொற்குடும்பம் இருக்கிறது. ஈழத்தார் 'அமுக்கம்' என்பர். நம் 'காற்றழுத்தத் தாழ்வு' அவர்களுக்குத் 'தாழமுக்கம்'.

சிக்கல் இந்த வானிலைச் சொல்லில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டுக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 2 பவுண்டு குறைகிறது. டயர் அளவியோ உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டையே காட்டுவதால், வெப்பநிலை மாறாதிருந்தால் அதன் முள் 2 பவுண்டு உயரும். ஒரு காற்றழுத்தம் இறங்க, இன்னொரு காற்றழுத்தம் ஏறுகிறது! மலைக்குளிர் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால் நடைமுறையில் கவலையில்லை என்றாலும், சொற்கள் பிரிந்திருப்பது நல்லது. வெளியிலுள்ளது 'வளிமண்டல அழுத்தம்', டயரினுள் இருப்பது 'உள்ளழுத்தம்' என்பது என் பரிந்துரை.

ஓட்டுநரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளிலுள்ள எண் 'குளிர்நிலை' உள்ளழுத்தம். இங்கே குளிர் என்பது ஏற்காட்டுக் குளிரன்று. வண்டி மூன்று மணி நேரமேனும் நின்று, ஓட்டத்தின் சூடு தணிந்த நிலை. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து வந்த கையோடு அளந்தால் டயரின் சூடு எண்ணைக் கூட்டிக் காட்டும்; அதை நம்பிக் காற்றை இறக்கக் கூடாது.

ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களின் கல் பாதையில் மெதுவாகப் போகும்போது, குளிர்நிலை எண்ணிலிருந்து 2 அல்லது 3 பவுண்டு குறைத்தால் குலுக்கல் தணிவது உண்மையே, ஏனெனில் டயரினுள் இருக்கும் காற்றே வண்டியின் முதல் சுருள்வில். அளவு மீறிக் குறைத்தால் பள்ளத்தின் விளிம்பில் டயர் நசுங்கி ரிம் அடிபடும். குறைத்த காற்றோடு சேலம் திரும்பி நெடுஞ்சாலையில் விரைந்தால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறும். ஆகவே தார்ச்சாலை தொட்டதும் முதல் கடையில் பழைய அளவுக்குக் காற்றுப் பிடித்துவிட வேண்டும்.