செரோட்டோனின்: சொல்லும் பொருளும்

செரோட்டோனின் என்பது நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்களுள் ஒன்று. வார இதழ்கள் 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று எழுதுவது இதைத்தான். ஆனால் பெயர் பிறந்தது மனநிலை ஆய்வில் அல்ல, ரத்த அழுத்த ஆய்வில்.

லத்தீனில் 'சீரம்' என்றால் திரிந்த பாலிலிருந்து பிரியும் தெளிநீர். உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் மஞ்சள் நீருக்கும் அதுவே பெயர். கிரேக்க 'டோனோஸ்' என்பது முறுக்கு, இழுவிசை. 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் மாட்டு ரத்தச் சீரத்திலிருந்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளைப் பிரித்து இப்பெயரிட்டனர். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம் சேமிப்பை வெளியே கொட்டுவதால்தான் அது சீரத்தில் அகப்பட்டது. இத்தாலிய ஆய்வாளர் எர்ஸ்பாமர் குடலில் முன்பே கண்ட 'என்டரமின்' இதுவே என்பது 1952இல் உறுதியானது. மறு ஆண்டு பெட்டி ட்வாராக்கும் பேஜும் மூளையிலும் இதைக் கண்டனர்.

ரத்தக் குழாயை (நாளம்) முறுக்குவது என்ற பொருளில் 'நாளமுறுக்கி' என்று தமிழாக்கலாம்தான். ஆனால் அது பாதி உண்மை. செரோட்டோனின் வந்து ஒட்டும் அணுப் புரதங்களுக்கு ஏற்பி என்று பெயர். மூளையுறைத் தமனிகளின் தசையிலுள்ள 5-ஹெச்.டி. 1பி ஏற்பியைத் (5-ஹெச்.டி. என்பது செரோட்டோனினின் வேதிப்பெயர்ச் சுருக்கம்) தொட்டால் குழாய் சுருங்கும். குழாயின் உட்படலத்திலுள்ள ஏற்பியைத் தொட்டாலோ நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டுத் தசை தளரும். உட்படலம் பழுதானால் சுருக்கமே மேலோங்கும். எனவே 'செரோட்டோனின்' என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வகையை 'நரம்பியக்கடத்தி' என்றும் செயலை நாளச்சுருக்கம், நாளவிரிவு என்றும் தமிழில் சொல்வதே சரி. வெறும் 'நரம்புக் கடத்தி' வேண்டாம். மின்கம்பி நினைவுக்கு வரும்.

ரத்தத்தில் ஓடும் செரோட்டோனின் ரத்தத்திலுள்ளவை மூளைக்குள் எளிதில் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது.

ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் என்ற மருந்து இந்த 1பி ஏற்பியைத் தூண்டி, விரிந்த தமனியைச் சுருக்குகிறது. கூடவே முகம், தலையின் உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பு முனைகளின் 1டி ஏற்பி வழியாக, குழாயை விரிக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துணுக்கு சுரப்பதையும் குறைக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இதயத் தமனிகளிலும் 1பி உண்டு. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இம்மருந்து கூடாது. மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் என மூன்று மாதங்களைத் தாண்டி எடுத்துவந்தால், மருந்தே தலைவலியைக் கிளப்பத் தொடங்கும்.