மேலாளர் அல்ல, பயிற்றுநர்

'முன்னாள் வீரரை மேலாளராக நியமித்தது கிளப்' என்று விளையாட்டுப் பக்கத்தில் மறுபடியும் போட்டிருக்கிறார்கள். வங்கியில் கடன் கேட்டுப் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேலாளர். கிரிக்கெட் அணியோடு போய் விடுதி அறையும் டிக்கெட்டும் பார்ப்பவரும் மேலாளர். கால்பந்தில் ஆட்டம் சொல்லித்தருபவரையும் அதே பெயரால் அழைத்தால், புளியந்தோப்பிலிருந்து விடியற்காலையில் பந்தோடு கிளம்பும் பையனுக்கு என்ன விளங்கும்?

'கோச்' பிறந்த கதை சிறியது. ஹங்கேரியில் அந்தப் பெயரில் ஓர் ஊர். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே நிலைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வைத் தாண்ட வைக்கும் ஆசிரியரை வண்டியின் பெயரால் அழைத்தார்கள். பிறகு சொல் மைதானத்துக்கு வந்தது.

'மேனேஜர்' இங்கிலாந்துப் பழக்கம். அங்கே அவர் ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, ஆடவைப்பது எல்லாவற்றிலும் கைவைத்தவர். ஸ்பெயின், இத்தாலி போன்ற நாடுகளில் வாங்கல் விற்றலைப் பெரும்பாலும் விளையாட்டு இயக்குநர் கவனிப்பார். கோச்சுக்கு மைதானமே வேலை. இங்கிலாந்துக் கிளப் ஆர்சனல் தன் பழைய கேப்டன் ஆர்டெட்டாவை 2019 டிசம்பரில் தலைமை கோச்சாக அமர்த்தியது; 2020-இல் பொறுப்பைக் கூட்டியபோது பதவிப் பெயரையும் மேனேஜர் என்று மாற்றியது. அவர்கள் அவ்வளவு கவனமாகப் பிரிக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறார்கள்.

முன்னாள் வீரர் மேலாளர் ஆனார் என்று படிப்பவர், பழைய விசுவாசத்துக்குக் கொடுத்த நாற்காலி என்றுதான் நினைப்பார். 2008-இல் ஸ்பெயினின் பார்சிலோனா தன் முன்னாள் வீரர் குவார்டியோலாவைத் தலைமை கோச்சாக அழைத்தபோது, அவர் சிறுவயது முதல் அந்தக் கிளப்பின் ஆட்டமுறையில் வளர்ந்தவர். முந்தைய பருவத்தில் அதன் இரண்டாம் அணியைப் பயிற்றியவர். ஊறிய ஆட்டத்தை அடுத்தவன் காலுக்கு ஏற்றுவதுதான் வேலை. தெரிந்த முகம் என்றால் ரசிகர்கள் சில தோல்விகளைப் பொறுப்பார்கள் என்ற கணக்கும் கிளப்புக்கு உண்டு. ஆனால் புகழ் மட்டும் போதாது. கோச்சாக ஒரு போட்டியைக்கூட நடத்தியிராத தன் முன்னாள் வீரர் பிர்லோவை 2020-இல் அமர்த்திய இத்தாலியின் யுவென்டஸ், ஒரே பருவத்தில் அனுப்பிவிட்டது.

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் ஆடி ஓய்ந்த ஒருவர், பையனின் கணுக்காலைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பி, விரல் நுனியால் உதைக்காமல் உள்பாதத்தால் பந்தைத் தள்ளக் காட்டுகிறார். அவரைப் பையன்கள் கோச் என்கிறார்கள். மேலாளர் என்று ஒருவனும் கூப்பிட்டதில்லை.

'பயிற்சியாளர்' பரவாயில்லை என்பார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. முயல், முயற்சி, முயற்சியாளர்: முயல்பவர். அதே வழியில் பயில், பயிற்சி, பயிற்சியாளர் என்றால் பயில்பவரே. பயிற்சி மருத்துவர் யார்? கற்றுக்கொள்பவர்தானே! கற்றுத்தருவதற்குப் 'பயிற்று' என்ற பிறவினை கையிலேயே இருக்கிறது. ஓட்டுநர், நடத்துநர் என்று மாநகர பஸ்ஸில் தினமும் படிக்கிறோம். அந்த வரிசையில் பயிற்றுநர். இதையும் 'பயிற்றுனர்' என்று எழுதிக் கெடுக்கிறார்கள். வேண்டியது தந்நகரம், அதாவது 'ந'.

ஆகவே தலைமை கோச் 'தலைமைப் பயிற்றுநர்'. இங்கிலாந்து மேனேஜருக்கு 'அணிப் பொறுப்பாளர்' என்று எழுதலாம். மேலாளர், டிக்கெட் பார்ப்பவருக்கே இருக்கட்டும்.