சிவப்பணு எங்கே உடைகிறது?

வேலூருக்கு வைத்தியம் பார்க்க வந்துபோகிறவர்களில் பலர் இதைக் கேட்டிருப்பார்கள்: "சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிடுச்சு, இன்னொரு தடவை ரத்தம் குடுங்க." ஏற்கெனவே குத்திய இடம் வலித்துக்கொண்டிருக்கும், ராத்திரி முழுக்க ரயிலில் வந்த அலுப்பு வேறு. கோபம் வருவது இயல்புதான். ஆனால் லேப்காரர் சொல்வது சரி. எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. குழாயை இயந்திரத்தில் சுழற்றி அணுக்களை அடியில் படியவைத்ததும், மேலே நிற்கும் திரவம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அது இளஞ்சிவப்பாக இருந்தால் ஹீமோகுளோபின் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

நிறத்தைவிடப் பெரிய சிக்கல் பொட்டாசியம். சிவப்பணுவுக்கு வெளியே இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேலான பொட்டாசியம் அதற்குள் இருக்கிறது. அணு உடைந்து அது கொட்டிவிட்டால், நோயாளியின் உடம்பில் இல்லாத பொட்டாசியம் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். இதயத் துடிப்பைக் குலைக்கும் அளவு அது என்று நம்பி மருந்து கொடுத்தால் ஆபத்து. மெல்லிய ஊசியில் வேகமாக இழுப்பது, சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் பீய்ச்சுவது, குழாயைக் குலுக்குவது, அப்புறம் வேலூர் வெயில் என்று உடைவதற்குக் காரணங்கள் பல. சுற்று வட்டாரத்தில் எடுத்த ரத்தத்தை மே மாதத்தில் குளிர்ச்சி இல்லாத பெட்டியில் நகரத்துக்கு அனுப்பினால் அது கெடாமல் வருவது கடினம்.

குழாயில் நடக்கும்போது தொல்லையாகத் தெரியும் இதே உடைவு, உடம்பில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு நொடியும் நமக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் ஆயுள் முடிகின்றன. ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் எலும்பு மஜ்ஜை புதியவற்றைச் செய்து அனுப்புகிறது. ஆகவே ஒரு மருத்துவருக்கு முக்கியமான கேள்வி, அணுக்கள் எந்த இடத்தில், எவ்வளவு வேகமாக உடைகின்றன என்பதே.

ஒழுங்காக நடந்தால் அந்த இடம் பெரும்பாலும் மண்ணீரல். சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. பழுதான புரதத்துக்குப் பதில் புதிது செய்துகொள்ள அதற்கு வழியில்லை. சுமார் 120 நாளில் அதன் உறை விறைத்துப்போகிறது. ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள அணு, மண்ணீரலில் ஒன்றிரண்டு மைக்ரான் இடுக்கு வழியாக நசுங்கி நுழைய வேண்டும். இளைய அணு வளைந்து போய்விடும். கிழ அணு மாட்டிக்கொள்ளும். அங்கே காத்திருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் அதை விழுங்கித் தமக்குள்ளேயே சிதைக்கின்றன. ரத்தத்தில் எதுவும் கொட்டுவதில்லை. அதன் இரும்பு திரும்ப மஜ்ஜைக்குப் போகிறது. தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இப்படி மறுசுழற்சியாகிறது. சாப்பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான்.

அணு எங்கே அழிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்துக்காரர்களுக்குக் குரோமியம் என்றாலே தோல் பதனிடுதலும் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரும்தான் நினைவுக்கு வரும். அந்த வேதனை நியாயமானது. அதே தனிமத்தின் கதிரியக்க வடிவமான குரோமியம்-51ஐ, 1950 முதல் ரத்தவியலில் பயன்படுத்தினார்கள். குரோமேட் என்ற அதன் சேர்ம வடிவம் சிவப்பணுவுக்குள் எளிதாக நுழையும். உள்ளே போனதும் வேறு வடிவத்துக்கு மாறி ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும், சுலபத்தில் வெளியே வராது. நோயாளியின் ரத்தம் கொஞ்சம் எடுத்து, அப்படி அடையாளமிட்டுத் திரும்பச் செலுத்துவார்கள். பிறகு மண்ணீரலுக்கு மேலும் கல்லீரலுக்கு மேலும் கருவியை வைத்துக் கதிர்களை எண்ணினால், அணுக்கள் எந்த உறுப்பில் போய்ச் சேர்கின்றன என்பது தெரிந்துவிடும்.

ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்தால் கதை வேறு. வகை பொருந்தாத ரத்தத்தை ஏற்றிவிட்டால் நடப்பது இதுதான். எதிர்ப்பொருள்கள் அந்நிய அணுக்களில் ஒட்ட, காம்ப்ளிமென்ட் எனும் நோயெதிர்ப்புப் புரதங்கள் உறையில் துளை போட, தண்ணீர் உள்ளே பாய்ந்து அணு வெடிக்கிறது. வெளியே வந்த ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற புரதம் பிடித்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும். ஆனால் அதன் கையிருப்பு குறைவு. தீர்ந்ததும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தில் இறங்குகிறது, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது, சிறுநீரகம் செயலிழக்கலாம். ரத்தப் பையை மாட்டும் முன் நர்ஸ் பெயரையும் எண்ணையும் மறுபடி மறுபடி கேட்பது இதனால்தான். தயவுசெய்து அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

கண் மஞ்சளானால் நம் ஊரில் முதலில் கீழாநெல்லியைத் தேடுகிறோம், கல்லீரல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். அணுக்கள் அளவுக்கு மேல் உடைந்தாலும் கண் மஞ்சளாகும். ஹீமோகுளோபினில் உள்ள ஹீம் சிதைந்து வருவதுதான் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி; கல்லீரல் நன்றாக இருந்தாலும் அந்த வரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும். கல்லீரல் கையாளாத பிலிருபின் நீரில் கரையாது, அல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் ஒட்டியே சுற்றும். அதனால் கண் மஞ்சளாக இருந்தும் சிறுநீரில் பிலிருபின் இருக்காது. வெளுத்த முகமும் மஞ்சள் கண்ணும் ஒன்றாக வந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. அந்த நோய்க்கான கூட்டு மருந்தில் ஒன்று டாப்சோன். கல்லீரலில் அது மாறும்போது உண்டாகும் ஒரு பொருள் சிவப்பணுவை ஆக்சிஜனேற்றத்தால் தாக்குகிறது. பலருக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைவதோடு சரி. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. சிவப்பணு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் குளூட்டாதயோனைப் புதுப்பிப்பது அந்த நொதியின் வேலை. அது தடைப்பட்டால் ஹீமோகுளோபின் கட்டிகட்டியாக உறையில் ஒட்டும். மண்ணீரல் அந்தக் கட்டிகளைப் பிய்த்தெடுக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரம் கடிபட்ட அணுக்கள் தெரியும். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாக்வினும் இப்படித்தான்.

பீரோவில் போடும் அந்துருண்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் பாச்சா உருண்டை என்பார்கள். நாப்தலினில் ஊறிய பழைய துணியை, இந்தக் குறைபாடுள்ள பச்சைக் குழந்தைக்குச் சுற்றினால் அணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். பிலிருபின் மூளையில் படிந்தால் சேதம் நிரந்தரம். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம், காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால். பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் அந்துருண்டையை அப்புறப்படுத்திவிடுவது நல்லது.

நுண்ணுயிரியல் ஆய்வகத்திலோ சிவப்பணு உடைவதை வேண்டுமென்றே நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். அகார் என்ற, கிருமி வளர்க்கும் கூழில் ஐந்து சதவீதம் ஆட்டு ரத்தம் கலந்த சிவப்புத் தட்டில், தொண்டையிலிருந்து எடுத்த பஞ்சைத் தேய்த்து ஒரு ராத்திரி வைக்கிறார்கள். 1903-இல் ஹூகோ ஷோட்முல்லர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகைகளை ரத்த அகாரில் பிரித்துக் காட்டினார், 1919-இல் ஜே. எச். பிரவுன் அவை ரத்தத்தில் காட்டும் விளைவுகளுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயர் வைத்தார். பீட்டா என்றால் கிருமிக் கூட்டத்தைச் சுற்றி ரத்தம் முழுதும் கரைந்து தெளிந்த வட்டம். நிமோனியாக் கிருமியைச் சுற்றித் தெரிவது பச்சை. அது ஆல்ஃபா, கிருமி விடும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஹீமோகுளோபினை மாற்றுவதால் வரும் நிறம். காமாவில் ஒன்றும் நடக்காது.

தெளிந்த வட்டத்துக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ் இரண்டு நச்சுகளை வைத்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோலைசின் ஓ, உறையிலுள்ள கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு, பல மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து துளை போடுகிறது. ஆக்சிஜன் பட்டால் அது செயலிழக்கும். அதனால்தான் தட்டில் கம்பியை ஆழமாகக் குத்தி, காற்றுப் படாத அடியிலும் கிருமியை வளரவிடுகிறார்கள். ஸ்ட்ரெப்டோலைசின் எஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, மேற்பரப்பிலேயே வேலை செய்யும். பள்ளிப் பிள்ளையின் தொண்டைப் புண்ணில் இந்தக் கிருமி இருந்தால் பென்சிலின் கொடுத்து முடிக்க வேண்டும். விட்டுவிட்டால் சில வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.