சூட்டில் நின்ற லாரி ஆறினால் ஏன் கிளம்புகிறது?

நாமக்கல்லில் இருந்து ஒரு லாரி உரிமையாளர் கேட்டிருக்கிறார். சேலத்திலிருந்து தர்மபுரி போகையில் தொப்பூர் ஏற்றத்தில் பாரத்தோடு வந்த பிஎஸ்6 வண்டி சட்டென்று நின்றுவிட்டதாம், செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை, டிரைவர் எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு அரைமணி கழித்து அடித்தால் உடனே பிடித்துக்கொண்டதாம். அடுத்த வாரமும் இதே கதை. டேங்க், ஃபில்டர், ஏர் லாக் எல்லாம் பார்த்தாயிற்று.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை 16, 17 மடங்கு அழுத்தினால் அதுவே 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும், அதில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றும், இது பள்ளியில் படித்ததுதான். எப்போது தெளிப்பது என்பதுதான் விஷயம். பழைய வண்டியில் அதை பம்ப்பின் பல்சக்கரமே பார்த்துக்கொண்டது. இப்போது ஈசியூ என்ற கணினி முடிவு செய்கிறது, அதற்கு பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

அதைச் சொல்வது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் சுற்றைக் கவனிக்கும், விரல் அளவே உள்ள கிராங்க் சென்சார். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பிச் சுருள், அவ்வளவுதான். கிராங்க் தண்டின் முனையில் உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலோடு சுற்றும் பல் ஒவ்வொன்றும் அதைக் கடக்கும்போது காந்தப்புலம் மாறும், சுருளில் சின்ன மின்துடிப்பு பிறக்கும். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த அதே தூண்டல். பல எஞ்சின்களில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே 2 பல்லை விட்டு 58 வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போது துடிப்பு ஒரு கணம் விட்டுப்போகும், ஈசியூ அதை அடையாளமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து பல்லுக்கு 6 டிகிரி வீதம் எண்ணும். நிமிடத்துக்கு 1800 சுற்று என்றால் நொடிக்கு 1740 துடிப்பு! இரண்டு பல்லை எடுத்துவிட்டு அந்த வெற்றிடத்தையே மொழியாக்கிய யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் அலுக்கவில்லை.

சரி, சூட்டுக்கு வருவோம். ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும், சுருளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் செம்பைவிட அதிகம் விரியும், கம்பியில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்தால் அது விலகிவிடும். துடிப்பு நின்றதும் ஈசியூ டீசலை நிறுத்திவிடும். அரைமணியில் ஆறினால் முனைகள் மறுபடி தொட்டுக்கொள்ளும். எலுமிச்சம்பழத்துக்குக் கிடைத்த பெயர் அந்த அரைமணிக்குச் சேர வேண்டியது. டிரைவரின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, நடு ரோட்டில் லோடோடு நிற்பவருக்கு வேறு வழி யாரும் சொல்லித்தரவில்லையே. ஐடிஐ-களிலும் டிரைவர் பயிற்சியிலும் மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க அரசு செலவழிக்கலாம், அதைவிடப் பயனுள்ள அறிவியல் செலவு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை நின்றால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். லேசாகக்கூட எழவில்லை என்றால் சந்தேகம் சென்சார் மேல்தான். சாவியை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றி, ஒயர் இரண்டு மட்டும் இருந்தால் சூடாக இருக்கும்போதே மல்டிமீட்டரில் ஓம், அதாவது மின்தடை, அளந்துவிடுங்கள். சுருள் நன்றாக இருந்தால் பல நூறு ஓம் காட்டும், அறுந்திருந்தால் ஓப்பன் என்று வரும். பட்டறைக்கு இழுத்துப்போய் ஆறின பிறகு அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும், உங்கள் மெக்கானிக்குக் குழப்பம் வந்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்கும். மூன்று ஒயர் இருந்தால், சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லால் காந்தப்புலத்தை உணரும் ஹால் வகையாக இருக்கலாம், அதை ஓம் வைத்து அளக்க வேண்டாம், ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.