கண்ணாடியைக் கீறும் வெள்ளைக் கல் வைரமாகிவிடாது

காங்கேயம், கரூர் வட்டாரங்களில் தோட்டத்தை உழும்போது கிடைத்த வெள்ளைக் கல்லை எடுத்துக்கொண்டு, நிலவியல் படித்தவன் என்பதால் என்னிடம் வருபவர்கள் பலர். "கண்ணாடியில் கீறிப் பார்த்தோம், கோடு விழுந்தது, வைரம்தானே?" என்று கேட்பார்கள். இந்த ஒரு சோதனையை நம்பித் தரகரிடம் முன்பணத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸுக்கு 7. ஆகவே நாம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ் எதுவானாலும் கண்ணாடியைக் கீறத்தான் செய்யும். பாறை சிதையும்போது அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாக மாறிவிட, எளிதில் கரையாத குவார்ட்ஸ் மட்டும் எஞ்சி நிற்பதால்தான் வயல்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் அது இவ்வளவு மலிந்து கிடக்கிறது. அதன் பால் வெண்மைக்குக் காரணம் உள்ளே அடைபட்ட நுண்ணிய நீர்மத் துளிகள். மஞ்சளும் செம்மையும் பெரும்பாலும் இரும்புக் கறை.

உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். குவார்ட்ஸ் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து உடைந்திருக்கும். ஃபெல்ட்ஸ்பாரில் தட்டையான தளங்கள் ஒருசேர மின்னும். சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் என்றால் இரும்பு ஆணியே கீறிவிடும்.

வைரமா என்ற ஐயத்தை நகைத் தராசு தீர்க்கும். கல்லை எடைபோட்டபின், தராசில் நீருள்ள குவளையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் முழுதும் அமிழ்த்துங்கள். 53 கிராம் கல்லுக்குத் தராசு 20 கிராம் காட்டினால், 53-ஐ 20-ஆல் வகுக்க அடர்த்தி 2.65, அதாவது குவார்ட்ஸ். வைரம் என்றால் 3.52 வரவேண்டும்.

இப்பகுதியில் பெரில் என்னும் ரத்தினக் கனிமம் உண்மையாகவே கிடைப்பதால், எல்லாக் கல்லையும் தூக்கி எறியவும் சொல்லமாட்டேன். பெரிலின் அடர்த்தி குவார்ட்ஸை ஒட்டியே இருப்பதால் இங்கே தராசு உதவாது. படிக வடிவம் தேயாமல் இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் அறுபட்டைப் படிகங்களே என்றாலும், குவார்ட்ஸின் பட்டைகளில் குறுக்கு வரிகள் ஓடும், நுனி கூம்பும். பெரிலில் நெடுக்கு வரிகள், நுனி பெரும்பாலும் தட்டை. அப்படிப்பட்ட கல்லை விலை பேசுமுன் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள்.

வீட்டில் இயந்திரத்தில் வைத்துத் தீட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம். குவார்ட்ஸ் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வருகிறது. அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது.