கட்டிலுக்குக் கீழே ஒரு பை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் அறை இருக்கிறது. உளவளத்துணையாளராக இங்கே பல வருடங்களாக ஆட்களைச் சந்திக்கிறேன். பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்கு முந்திய நாட்களில் விமானப்படை ஒத்திகை நடக்கும். அப்படி ஒரு காலையில் என் முன்னால் இருந்தவர் மகளின் டியூஷன் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. முகம்கூட மாறவில்லை. வலக்கை மட்டும் கீழே போய், கதிரைக் காலடியில் கிடந்த கைப்பையின் வாரைப் பிடித்தது. சத்தம் ஓய்ந்த பிறகும் விடவில்லை. விரல் மூட்டுகள் வெளிறிப்போயிருந்தன.

"பையை ஏன் பிடிச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். தான் அதைப் பிடித்திருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

போரைப் பற்றிக் கதைக்க அவர் வரவில்லை. வயிற்றெரிவு, நித்திரையின்மை என்றுதான் வந்தார். எண்டொஸ்கொப்பி செய்து பார்த்தும் ஒன்றும் பிடிபடாததால் அவருடைய டொக்டர் அனுப்பியிருந்தார். எங்கள் ஆட்களிடம் இது வழமை. "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு அநேகமாக யாரும் வருவதில்லை. "நெஞ்சு படபடக்குது மிஸ், ஈசிஜி நோர்மல் எண்டு சொல்லிட்டினம்" என்றுதான் வருவார்கள். நெஞ்சு வலித்தால் முதலில் டொக்டரிடம் போவதுதான் சரி. ஆனால் எல்லாப் பரிசோதனையும் நல்லபடி வந்த பிறகும் உடம்பு அடங்கவில்லை என்றால், அந்த உடம்புக்குச் சொல்ல வேறொன்று இருக்கலாம்.

மூன்றாவது சந்திப்புக்குக் கணவரும் வந்தார். எழும்பிப் போகும்போது போகிற போக்கில் சொன்னார்: "இவ கட்டிலுக்குக் கீழ ஒரு பை வைச்சிருக்கிறா மிஸ். அதின்ர சிப் பூட்டியிருக்கா எண்டு பாக்காமல் படுக்கமாட்டா."

பையில் என்னென்ன இருந்தன என்று பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதியின் பிரதி, அடையாள அட்டைகளின் போட்டோகொப்பி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, ஒரு டோர்ச், தண்ணீர்ப் போத்தல், கொஞ்சக் காசு, ஒரு பைக்கற் பிஸ்கற். பிஸ்கற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவாராம்.

1983 யூலையில் அவருக்கு ஆறு வயது. கொழும்பில் அவர்களுடைய வாடகை வீடு எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி இவர்களைத் தன் வீட்டுச் சாமான் அறையில் ஒளித்து வைத்தார். அம்மா உடுத்த உடுப்போடு வந்தவர், கையில் ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. பிறகு பாடசாலை ஒன்றில் அகதி முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. யாழ்ப்பாணத்தில் பாடசாலைக்குச் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அம்மா ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். பாதுகாப்பு என்று போன இடத்திலும் 1987இல் ஷெல்லடி. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கருக்குள் குந்தியிருந்த நாட்கள். 1990இல் மறுபடி கொழும்பு. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டு வெடித்தபோது அவர் கோட்டைப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்.

இத்தனைக்கும் பிறகு படித்தார், வேலையில் உயர்ந்தார், தம்பிமாரை ஆளாக்கினார். குடும்பத்தில் எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்வது ஒரே வசனம்தான்: "அவ ஒரு நாளும் அழுததில்லை." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. தாக்குப்பிடித்தல் ஒன்று, ஆறுதல் இன்னொன்று. நாங்கள் முதலாவதைக் கொண்டாடிவிட்டு இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

இதைப் படித்து மட்டும் தெரிந்துகொண்டவள் அல்ல நான். 1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அப்பாவின் சைக்கிள் கரியரில் அம்மாவின் தையல் மெஷினின் தலைப்பகுதியைக் கட்டியிருந்தார்கள். அது சரிந்துவிடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வருவது என் வேலை. "பிள்ளை, கையை எடுக்காதை" என்றார் அப்பா. நாவற்குழிப் பாலத்தை நெருங்கியபோது அடியெடுத்து வைக்க இடமில்லை, மழை வேறு. எண்ணெய் மணக்கும் அந்த இரும்பு குளிர்ந்துபோய் இருந்தது. விடியும்வரை நான் கையை எடுக்கவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு புறக்கோட்டைச் சனநெரிசலில் நடந்தபோது வலக்கை இறுகி, தோள்மூட்டு நொந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். பிடித்துக்கொள்ளச் சொல்ல ஆள் இருந்தது. "சரி, இனி விடலாம்" என்று யாரும் வந்து சொல்லவில்லை.

சாதாரண நினைவுக்கு ஒரு திகதி இருக்கும். சுற்றுலா போனதை நினைத்தால் "அது அப்போது" என்று தெரியும். உயிருக்குப் பயந்த நேரத்து நினைவு அப்படி ஒழுங்காகப் பதிவதில்லை. சத்தம், மணம், தோலில் பட்ட குளிர் எனத் துண்டுதுண்டாகத் தங்கிவிடும். அதே சத்தம் திரும்பக் கேட்கும்போது மூளையின் அபாயமணி திகதி பார்ப்பதில்லை, இப்போதே நடக்கிறது என்று அடிக்கும். யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் இதை 'மனவடு' என்று அழைத்தார்கள். போரைப் பார்த்த எல்லோருக்கும் இது நோயாக மாறுவதில்லை, பெரும்பாலானோர் குடும்பம், தொழில், கோயில், நட்பு என்று தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தெமட்டகொடையிலிருந்து வந்த ஒருவருக்குப் பிரச்சினை நேரெதிர். வீட்டில் யாராவது பயணப்பை கட்டினால் அவருக்குத் தாங்காது, மனைவியோடு சண்டை. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டே மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது அவர் எட்டு வயதுச் சிறுவன். அதுவும் ஒக்ரோபர் 30. ஐந்து வருடம் கழித்து அதே திகதியில்தான் நாங்கள் நடந்தோம். அவர் சொல்லித்தான் இரண்டு திகதியும் ஒன்று என்பதே எனக்கு உறைத்தது. அன்று நெடுநேரம் இருவருமே ஒன்றும் கதைக்கவில்லை.

2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு, மண்ணெண்ணெய்க்கு வரிசை என்று கொழும்பு தவித்தபோது பையை வைத்திருந்தவர் பதறவே இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்குச் செய்து தொடர்மாடியில் எல்லோருக்கும் கொடுத்தாராம். நெருக்கடி ஓய்ந்து மூன்று வாரம் கழித்துத்தான் இரவில் உடம்பு நடுங்கத் தொடங்கியது. இதைப் பலரிடம் பார்க்கிறேன். ஆபத்து நேரத்தில் இவர்களைப் போல நிதானமானவர்கள் இல்லை. அமைதிதான் இவர்களுக்குப் பழக்கமில்லாத ஊர்.

அவரோடு கயிறு வைத்து வேலை செய்தோம். ஒரு நீளமான கயிற்றைத் தரையில் விரிப்போம், அதுதான் அவருடைய வாழ்க்கை. கெட்டது நடந்த இடத்தில் கல், நல்லது நடந்த இடத்தில் பூ. பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, எந்த ஊர், எத்தனை வயது, என்ன கேட்டது, என்ன மணந்தது என்று முதலிலிருந்து முடிவுவரை வரிசையாகச் சொல்வது. திகதி இல்லாத நினைவுக்குத் திகதி போடுகிற வேலை இது. 2004 சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில், போரையும் கடலையும் இரண்டையும் கண்ட 31 பிள்ளைகளிடம் இம்முறையை இன்னொரு முறையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியினர் 6 அமர்வுகளில் தங்கள் கதையைச் சொன்னார்கள், மற்றவர்கள் 6 அமர்வுகளில் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கத்திலும் பெரும்பாலானோர் தேறியிருந்தார்கள். ஆகவே கதைக்க முடியாதவருக்கும் வழி இருக்கிறது, யாரையும் வற்புறுத்திக் கதைக்க வைக்கத் தேவையில்லை.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். "அது முடிஞ்ச கதை, மறந்திடுங்கோ" என்று சொல்லாதீர்கள். கிளறிக் கிளறிக் கேட்கவும் வேண்டாம். சொல்ல வந்தால் வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். பட்டாசு வெடிக்கும் நாளில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நித்திரை கெடுவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, பிள்ளை டியூஷனால் பத்து நிமிடம் பிந்தினால் உலகமே இடிந்ததுபோல ஆவது, குடி கூடுவது, இவை ஒரு மாதத்துக்கு மேல் போனால் உதவி தேடுங்கள். அரச வைத்தியசாலை மனநலக் கிளினிக்குகளில் பணம் கட்டத் தேவையில்லை. சிலருக்கு மருந்தும் வேண்டிவரும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

1983க்கு அவர் முதலில் வைத்தது ஒரு பெரிய கல். அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரும்போது இடையில் நிறுத்தினார். அந்தச் சாமான் அறையில், சத்தம் போடக்கூடாது என்பதற்காக, அன்ரி இவருடைய வாயில் கிம்புலா பணிஸ் ஒன்றைத் திணித்தது நினைவுக்கு வந்தது. மேலே அப்பியிருந்த சீனி பல்லில் நறநறத்தது வரை. நாற்பது வருடமாக எட்டாமல் கிடந்த நினைவு. அன்றுதான் அவர் என் அறையில் முதல்முறை அழுதார். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பூவையும் வைத்தார்.

பையை வீசச் சொல்லி நான் ஒருபோதும் கேட்கவில்லை. உறுதியும் சான்றிதழ்களும் இப்போது வங்கி லொக்கரில் இருக்கின்றன. பை கட்டிலுக்குக் கீழிருந்து அலுமாரிக்கு மேலே போயிருக்கிறது. பிஸ்கற்றை மகள் எடுத்துத் தின்றுவிட்டாளாம், அவர் திரும்ப வாங்கி வைக்கவில்லை. டோர்ச் மட்டும் உள்ளே இருக்கிறது. போன மாதம் அதற்குப் புது பட்டரி போட்டதாகச் சொன்னார்.