டொலர்க் கணக்கில் தொலைந்துபோன ஐரோப்பா

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மச்சான்மார் இரண்டு பேர் எங்கள் கொக்குவில் வீட்டு விறாந்தையில் வாக்குவாதப்பட்டார்கள். ஒருவர் நியூ ஜெர்சி, மற்றவர் ஜேர்மனி. "2008 இல எங்களோட சரிக்குச் சரி நிண்ட ஐரோப்பா இப்ப எங்க?" என்று அமெரிக்க மச்சான், இரண்டு பக்கப் பொருளாதாரத்தையும் ஒப்பிடும் ஒரு வரைபடத்தைப் போனில் நீட்டினார்.

வரைபடம் டொலரில் வரைந்தது. வில்லங்கமே அதுதான். 2008 யூலையில் ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 1.60 டொலர் கிடைத்தது; 2022 செப்டெம்பரில் ஒரு டொலர்கூடக் கிடைக்கவில்லை. யூரோச் சம்பளம் அப்படியே இருந்து, ஜேர்மன்காரர் அதே பாணைத் தின்று அதே ரயிலில் போனாலும், டொலர்க் கணக்கில் அவருடைய வருமானத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மாயமாகியிருக்கும்.

எங்கள் ஒழுங்கையடிச் சலூனை எடுங்கள். அதே கத்தரிக்கோல், அதே அரை மணித்தியாலம், மீசை ஒதுக்குவது உட்பட. பிராங்பேர்ட்டில் அதே வெட்டுக்குப் பல மடங்கு காசு. முடிவெட்டைக் கொள்கலனில் ஏற்றி அனுப்ப முடியாது; நாணய மாற்று விகிதமோ ஏற்றுமதி இறக்குமதியோடும் முதலீட்டுப் பணத்தோடும் ஆடுவது. தொழிற்சாலைச் சம்பளம் உயர்ந்த ஊரில் சலூன்காரருக்கும் அதற்குக் கிட்டக் கொடுக்காவிட்டால் அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஆகவே பொருளியலாளர் கடைக்குப் போகிறார்கள். ஒரே மாதிரியான சாமான் கூடை அமெரிக்காவில் 100 டொலர், ஜேர்மனியில் 80 யூரோ என்று வைத்துக்கொள்வோம். அப்போது, சந்தை என்ன சொன்னாலும், வாழ்க்கைத்தரக் கணக்கில் ஒரு யூரோ 1.25 டொலர். இதுதான் கொள்வனவுச் சக்திச் சமநிலை. உலகளவில் இந்த விலை சேகரிப்பு 1968 இல் ஐ.நா.வும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் தொடங்கியது. இப்போது உலக வங்கி ஒருங்கிணைக்கிறது.

கூடைக் கணக்கும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. 2015 இல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதத்துக்கு மேல் பாய்ந்ததாக அறிவிப்பு வந்தது. பன்னாட்டுக் கம்பனிகள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கே பதிவு மாற்றியதே பெருங்காரணம். டப்ளின்காரர் வீட்டு அடுப்பில் ஒன்றும் கூடுதலாக வேகவில்லை.

விலை வித்தியாசத்தைத் திருத்திப் பார்த்தாலும் தலைக்குரிய வருமானத்தில் அமெரிக்கா ஜேர்மனிக்கு முன்னால்தான். அமெரிக்க மச்சான் அதில் சரி. ஆனால் அமெரிக்காவில் ஒரு தொழிலாளி ஆண்டுக்குச் சராசரி 1,800 மணித்தியாலத்துக்குக் கிட்ட வேலை செய்கிறார். ஜேர்மனியில் சுமார் 1,340. பகுதிநேர வேலைக்காரர் ஜேர்மனியில் அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மணித்தியால உழைப்புக்கு எவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால் இடைவெளி நன்றாகச் சுருங்கிவிடும். ஐந்து நாள் வாரம் வேலை செய்பவருக்கு ஜேர்மன் சட்டம் 20 நாள் சம்பள லீவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அமெரிக்க மத்திய சட்டத்தில் ஒரு நாளும் இல்லை.

ஜேர்மன் மச்சான் கொடியேற்றத்துக்கே வந்தவர். மற்றவர் தேருக்கு முதல்நாள் வந்து, தீர்த்தம் முடிந்த அடுத்த நாள் விமானம் ஏறினார்.